நடுச்சாமத்து ரத்தம்

யானைக்கால் நோயைத் தேடிப் போகிறவர்களுக்கு அலுவலக நேரம் உதவாது. அந்த நோய்க்குக் காரணமான உச்சரேரியா பான்கிராஃப்டி என்ற நூற்புழு மனித உடம்பின் நிணநீர்க் குழாய்களில் குடியிருக்கிறது. அது ஈனும் மைக்ரோஃபைலேரியா என்ற நுண்புழுக்கள் ரத்தத்தில் திரிகின்றன. பகல் முழுக்க அவை நுரையீரலின் ரத்தக் குழாய்களுக்குள் போய்த் தங்கிவிடும். இரவு எட்டு மணிக்கு மேல்தான் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்துக்கு வரத் தொடங்கும். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை ஏராளமாக இருக்கும். விடிவதற்குள் திரும்பிப் போய்விடும். காலை பத்து மணிக்கு ஒருவர் விரலில் எடுத்த சொட்டில் ஒன்றுமே இருக்காது. அதே விரலில் நடுச்சாமத்தில் எடுத்தால் ஒரே சொட்டில் பத்து, இருபது நெளியும்.

லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்துவிட்டுக் காரைக்காலில் கொசுவழி நோய்களுக்கான களப் பயிற்சியில் சேர்ந்தபோது, இது எனக்குப் பாடப்புத்தகத்தின் ஒரு வரியாகத்தான் தெரியும். பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி. அந்த ஒரு வரியைச் சுற்றி ஒரு முழுத் தொழிலே இருப்பதைக் கற்றுக்கொடுத்தவர், ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மூத்த டெக்னீஷியன். எல்லோருக்கும் அவர் சார், எனக்கும் சார்தான். முதல் நாள் அவர் மைக்ராஸ்கோப்பைத் தொடவிடவில்லை. பதிவேட்டைத் திறந்து, ‘ரத்தம் எடுத்த நேரம்’ என்ற கட்டத்தில் விரலை வைத்தார்.

“பேரு தப்பா எழுதினாக்கூட நாளைக்குப் போயிக் கேட்டுத் திருத்திக்கலாம். நேரம் எழுதலைன்னா அந்த ஸ்லைடு எதுக்கும் ஆகாதும்மா.”

நேரம் இல்லாத ஸ்லைடில் புழு இல்லை என்றால், அந்த ஆள் உடம்பில் புழு இல்லையா, அல்லது புழு இன்னும் வெளியே வராத நேரமா என்று யாராலும் சொல்ல முடியாது. இதை அவர் விளக்கிச் சொல்லவில்லை. பழைய பதிவேடு ஒன்றை என்னிடம் கொடுத்து, நேரக் கட்டத்தையும் முடிவுக் கட்டத்தையும் சேர்த்துப் படிக்கச் சொன்னார். எட்டரை மணிக்கு எடுத்த வரிசையில் அபூர்வமாகத்தான் பாசிட்டிவ் வந்திருந்தது. பதினோரு மணி வரிசைகளில் அது கூடியிருந்தது. அந்தப் பக்கங்களைப் புரட்டி முடித்தபோது எனக்கு வேலையின் முதுகெலும்பு பிடிபட்டுவிட்டது.

காரைக்கால் காவிரியின் கடைமடை. நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்கள் சூழ்ந்திருக்க, நடுவில் புதுச்சேரிக்குச் சொந்தமான துண்டு நிலம். அரசலாறும் திருமலைராஜனாறும் அவற்றின் கிளைகளும் இங்கேதான் கடலைச் சேர்கின்றன. தரை தாழ்வு, தண்ணீர் வடிய நேரமாகும். வடியாத சாக்கடை, மூடாத செப்டிக் டேங்க், பாழுங்கிணறு எல்லாமே கியூலெக்ஸ் கொசுவுக்குப் பிடித்த இடங்கள். நல்ல தண்ணீரில் முட்டையிடும் டெங்குக் கொசுவை நாம் அறிவோம். இது அழுக்குத் தண்ணீரில் பெருகும் கொசு. வீட்டுக்குள் வரும். ராத்திரி, ஆள் அயர்ந்து தூங்கும்போது கடிக்கும். கொசு கடிக்கும் நேரமும் நுண்புழு தோலடிக்கு வரும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. பரவுவதற்கு அந்தப் புழுவுக்கு வேறு வழி கிடையாது.

இந்தியாவுக்குள்ளேயே இதற்கு நேர்மாறான இடம் ஒன்று உண்டு. நிக்கோபார் தீவுக்கூட்டத்தின் நான்கௌரி பகுதியில் இதே இனப் புழு பகல் நேரத்திலும் தோலடி ரத்தத்தில் நிறைய இருக்கிறது. அங்கே அதைச் சுமக்கும் கொசு பகலில் கடிப்பது. பசிபிக் தீவுகள் சிலவற்றிலும் அப்படித்தான். புழு ஒன்றே, ஊரின் கொசுவுக்கு ஏற்ப அதன் நேரம் மாறியிருக்கிறது. சார் இதை ஒரு ராத்திரி திருமலைராயன்பட்டினத்துத் தெரு ஒன்றில், ஒரு வீட்டுக்காரர் கதவைத் திறக்கக் காத்திருந்தபோது சொன்னார். அவர் பாடம் நடத்தியதெல்லாம் இப்படி வாசற்படிகளில்தான்.

பேட்ரிக் மேன்சனைப் பற்றிக் கேட்டதும் அப்படி ஒரு வாசலில்தான். நுண்புழுவை மனித ரத்தத்தில் முதலில் பார்த்தவர் திமதி லூயிஸ், கல்கத்தாவில், 1872இல். ஐந்து வருஷம் கழித்து, சீனாவின் அமாய் துறைமுகத்தில் டாக்டராக இருந்த மேன்சன், தன் தோட்டக்காரரைக் கொசு கடிக்கவிட்டு, கொசுவின் வயிற்றுக்குள் புழு வளர்வதைக் கண்டார். ஒரு பூச்சி மனித நோயைச் சுமக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் மலேரியாவுக்குக் கொசுவைக் கண்டுபிடித்தது அதற்கு இருபது வருஷம் பின்னால். அப்புறம் மேன்சன், இரவு பகலாக மணிக்கணக்கு வைத்து நோயாளிகளின் ரத்தத்தைப் பார்க்க ஏற்பாடு செய்து, புழு இரவில் கூடிப் பகலில் குறைவதை எழுதினார். லண்டனில் அதைக் கேட்டவர்கள், புழுக்கள் கடிகாரம் வைத்துக்கொண்டிருக்கின்றனவா என்று கேட்டதாக ஒரு கதை உண்டு.

கடிகாரம் புழுவிடம் இருக்கிறதா, அதைச் சுமக்கும் மனிதனிடமா? இந்தக் கேள்விக்கு ஸ்டீபன் மெக்கன்சி 1881இல் லண்டனில் விடை தேடினார். நோயாளி ஒருவரைப் பகலில் தூங்கவைத்து இரவில் விழித்திருக்கச் செய்தார். சில நாட்களில் புழுக்களும் மாறிவிட்டன: பகலில் ரத்தத்தில் நிறைந்தன, இரவில் குறைந்தன. தூக்கமும் விழிப்பும் உடம்புக்குள் ஏற்படுத்தும் மாற்றத்தைத்தான் அவை பின்பற்றுகின்றன என்பது அப்போது தெரிந்தது. அந்த மாற்றம் என்ன என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஃபிராங்க் ஹாக்கிங். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் தந்தை. நுரையீரலுக்குள் போகும் ரத்தத்துக்கும் வெளிவரும் ரத்தத்துக்கும் இடையே உள்ள ஆக்சிஜன் வித்தியாசம் பகலில் அதிகம், தூக்கத்தில் குறைவு. அந்த வித்தியாசத்தை உணர்ந்துதான் புழுக்கள் நுரையீரலில் தங்குகின்றன அல்லது கிளம்புகின்றன என்பது அவர் கண்டது. நடுராத்திரியில் நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுத்தால் விரல் ரத்தத்தில் புழுக்களின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது.

எங்கள் ஊருக்கு இது வெறும் வரலாறு ஆகாது. கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் கடலுக்குப் போகிறவர்கள் ஊர் தூங்கும் நேரத்தில் தூங்குவதில்லை. பின்னிரவில் கிளம்ப வேண்டியவர்கள் சாயங்காலமே படுத்துவிடுவார்கள். துறைமுகத்திலும் ஆலைகளிலும் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் ஒரு வாரம் பகலில் தூங்குகிறார்கள், ஒரு வாரம் இரவில். ஆகவே விரலைக் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கப் பழகினேன்: “எப்ப படுப்பீங்க, எப்ப எந்திரிப்பீங்க?” பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் தொழிலாளர்களிடம் கேட்க அந்த ஒரு வாக்கியத்தை சார் ஹிந்தியில் கற்றுவைத்திருந்தார். எனக்கும் சொல்லிக்கொடுத்தார். பகலில் தூங்கி ராத்திரி ஷிஃப்டிலேயே வருஷக்கணக்காக இருப்பவரின் பெயருக்கு எதிரே சார் ஒரு குறி போடுவார். அவருக்கு நேரத்தை மாற்றி எடுக்க வேண்டும்.

மீனவர்களுக்காக நாங்கள் கரைக்கே போனோம். ஒரு மணி வாக்கில் படகுக்கு ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் தூங்கி எழுந்த நேரம், நமக்கும் தோதான நேரம். டார்ச் வெளிச்சத்தில், வலை மேல் உட்கார்ந்தபடி விரல் நீட்டுவார்கள். வீடுகளில் படும் பாடு அங்கே கிடையாது.

வீடுகளில் பாடு உண்டு. பதினோரு மணிக்குக் கதவைத் தட்டி, உங்கள் ரத்தம் வேண்டும் என்றால் யாருக்கும் கோபம் வரும். “ஏம்மா, உடம்புக்கு ஒண்ணுமில்லாத மனுசனை நடுச்சாமத்துல எழுப்பி ரத்தம் எடுக்குறீங்களே” என்று ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு சார் சொல்லும் பதிலை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்: “ஒண்ணுமில்லாதப்பவே பாக்குறதுதான் ஆத்தா இதுக்கு மருந்து. வீங்கினப்புறம் பாத்து என்ன செய்ய?” பகலில் ஒரு தடவை வந்து சொல்லிவிட்டுப் போன தெருவில் ராத்திரி கதவு திறக்கும். சொல்லாமல் வந்த தெருவில் நாய்தான் வரவேற்கும். அதனால் இந்த வேலையில் பகலும் உண்டு. அது சொல்லிவைக்கும் பகல்.

நோன்பு மாதத்தில் முஸ்லிம் தெருக்கள் வேறு மாதிரி. தராவீஹ் தொழுகை முடிந்து பத்து மணிக்கு மேல் வீதி விழித்திருக்கும். பெண்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். “லாத்தா, கொஞ்சம் விரலைக் குடுங்க” என்றால் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். நோன்பு திறந்த பிறகு என்பதால் ரத்தம் எடுப்பதில் தயக்கமும் இல்லை. எந்தத் தெரு எப்போது விழித்திருக்கும் என்று ஒரு மாதக் கணக்கே சாரின் மனசில் இருந்தது.

விரலில் குத்துவது எளிது. ஒரே அளவாக எடுப்பது கடினம். இடது கை மோதிர விரல். ஸ்பிரிட் துடைத்து, அது காயும்வரை பொறுக்க வேண்டும். ஈரத்தில் குத்தினால் சொட்டு பரந்துவிடும். நுனியின் நடுவில் குத்தாமல் சற்றுப் பக்கவாட்டில் லான்செட்டால் ஒரே குத்து. முதலில் வரும் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்ததில் இருபது மைக்ரோலிட்டர். அதை ஸ்லைடில் பரப்பும் கனம்தான் கைப்பழக்கம். மெலிதாக இழுத்தால் புழு சிதறும், கனமாக விட்டால் சாயம் உள்ளே இறங்காது, காய்ந்ததும் செதில் செதிலாக உரியும். அடியில் வைத்த செய்தித்தாளின் எழுத்து மங்கலாகத் தெரிகிற அளவுதான் சரியான கனம் என்று சார் தினத்தந்தியை விரித்துக் காட்டினார்.

பிறகு காயவைக்கிற வேலை. கடற்கரை ஊரில் அதுவே பெரிய சோதனை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் இருக்கும் ஈரம் சொட்டைக் காயவிடாது. மின்விசிறியை வேகமாக வைத்தால் தூசி ஒட்டும், வெயிலில் வைத்தால் ரத்தம் வெந்துபோய்க் கறை நீங்காது. எறும்பு இன்னொரு எதிரி. காய்ந்த ரத்தத்தை ஓரிரவில் தின்று கண்ணாடியைப் பளிச்சென்று வைத்துவிடும். ஸ்லைடு தட்டை ஸ்டூலில் வைத்து, ஸ்டூலின் நான்கு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துவோம்.

மறுநாள் காலை ஸ்லைடைத் தண்ணீரில் முக்கிச் சிவப்பு முழுக்கப் போகும்வரை வைப்போம். ரத்த அணுவின் நிறம் கழுவிப்போனால்தான் புழு தெரியும். பிறகு ஜே.எஸ்.பி. சாயம். ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி என்ற இரண்டு இந்திய ஆராய்ச்சியாளர்கள் 1940களில் மலேரியா ஸ்லைடுகளுக்காகச் செய்த சாயம் அது. ஆல்கஹால் தேவைப்படாத, மலிவான, தண்ணீரில் கரையும் சாயம். நம் நாட்டுக் கிராமத்துப் பரிசோதனை மேசைகளுக்கு அந்த இருவரும் செய்திருக்கும் உதவி எந்தப் பாடப்புத்தகத்திலும் போதுமான அளவு சொல்லப்படவில்லை.

நான் பார்த்த முதல் நுண்புழு சார் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய ஸ்லைடு ஒன்றில் இருந்தது. நீளம் கால் மில்லிமீட்டர்தான். தேர்ந்த கை இழுத்த கோல இழையைப் போல வளைந்து கிடந்தது. பஞ்சு நூல், பூஞ்சை இழை எல்லாம் ஸ்லைடில் வளைந்து கிடக்கும். பார்த்ததுமே புழு என்று சொல்லத் தோன்றும். புழுவென்றால் உடம்பு நீளத்துக்கும் ஊதா நிறப் புள்ளிகள் வரிசையாக இருக்க வேண்டும். இரு முனைகளிலும் தாண்டி நீளும் மெல்லிய உறை தெரிய வேண்டும். வால் நுனியில் புள்ளி இருக்கக் கூடாது. வால் நுனியில் இரண்டு புள்ளி தெரிந்தால் அது புரூஜியா மலாயி, கேரளத்தின் சேர்த்தலைப் பக்கம் இருந்த வேறு இனம். வாலைப் பார்க்காமல் பெயர் எழுதக் கூடாது. இந்த ஒழுங்கு கைவர எனக்குப் பல மாதங்கள் ஆனது. லென்ஸின் கீழ் ஸ்லைடை வரிசை வரிசையாக, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, ஓர் இடமும் விடாமல் நகர்த்த வேண்டும். சலிப்பூட்டுகிற வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்வார்கள். எனக்கு அது ஒருநாளும் சலித்ததில்லை. ஒவ்வொரு ஸ்லைடும் நான் முகம் பார்த்த ஒருவருடையது.

அதே மேசையில்தான் மலேரியா ஸ்லைடும் பார்ப்போம். அதற்கு வேறு கணக்கு. வைவாக்ஸ் கிருமி 48 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்களை உடைத்து வெளியேறுவதால் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் காய்ச்சலும் வரும். பழைய ஆட்கள் முறைக்காய்ச்சல் என்பார்கள். அது ஈரலுக்குள் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து மறுபடியும் கிளம்பும். ஆனால் அங்கே காய்ச்சலே நாள் சொல்லிவிடும். யானைக்கால் புழு எதையும் சொல்லாது.

இந்த நோயின் காலக்கணக்கு நீளமானது. கொசு உறிஞ்சிய நுண்புழு அதன் உடம்பில் பத்துப் பன்னிரண்டு நாள் வளர்ந்தால்தான் இன்னொருவருக்குத் தொற்றும். அதற்குள் பெரும்பாலான கொசுக்கள் செத்துவிடும். மிஞ்சிய கொசு கடித்தாலும் ஒரு கடியில் நோய் வருவது அரிது. மீண்டும் மீண்டும் கடி வாங்க வேண்டும். உள்ளே போன புழு முதிர்ந்து, ஆணும் பெண்ணும் சேர்ந்து, ரத்தத்தில் குஞ்சுகள் தெரிய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும். முதிர்ந்த புழு ஆறிலிருந்து எட்டு வருஷம் உயிர்வாழ்கிறது. நோயரும்பு காலம் என்று பாடத்தில் எழுதியிருக்கும் சொல்லுக்குப் பின்னால் ஒரு குழந்தை வளர்ந்து பெரியவளாகும் காலம் இருக்கிறது. சின்ன வயதில் வாங்கிய கடிக்குக் கால் வீங்குவது கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகாக இருக்கலாம். பலருக்கு வாழ்நாள் முழுக்க வீங்காமலேயே போய்விடும். ஆனால் அவர் ரத்தத்திலிருந்து கொசு எடுத்துப் போய்க்கொண்டிருக்கும்.

ஊர் முழுவதுக்கும் மாத்திரை ஏன் வருஷத்துக்கு ஒரு தடவை வீதம் ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் கொடுத்தார்கள் என்பது இந்தக் கணக்கு தெரிந்தால்தான் புரியும். டி.இ.சி. மாத்திரை நுண்புழுவை நன்றாகக் கொல்லும். முதிர்ந்த புழுவை முழுக்கக் கொல்லாது. ஆகவே முதிர்ந்த புழு தானாகச் சாகும்வரை, அது ஈனுவதை எல்லாம் வருஷா வருஷம் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மருந்து 1947இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் வந்தது. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர் அடுத்த வருஷமே காலமானார். கோடிக்கணக்கான இந்தியர்கள் அவர் பெயர் தெரியாமலே அந்த மாத்திரையை விழுங்கியிருக்கிறார்கள்.

இந்தியாவில் தேசிய யானைக்கால் தடுப்புத் திட்டம் 1955இல் தொடங்கியது. ஊர் முழுவதுக்கும் மாத்திரை கொடுக்கும் திட்டம் 2004இல் வந்தது. புதுச்சேரியில் 1975இல் அமைந்த நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1980களின் தொடக்கத்தில் கொசு பெருகும் இடங்களை ஒழித்தே இந்த நோயைக் குறைக்க முடியுமா என்று அந்த நகரில் பெரிய அளவில் செய்து பார்த்தது. சாக்கடை வெட்டியதும் மாத்திரை கொடுத்ததும் சேர்ந்து பலன் தந்தன. ஒரு காலத்தில் சார் ஓரிரவில் பார்த்த பாசிட்டிவ் ஸ்லைடுகளை நான் என் பயிற்சிக் காலம் முழுக்கப் பார்த்ததில்லை. “நீ பாக்காம இருக்கிறதுதாம்மா நான் வேலை செஞ்சதுக்குச் சம்பளம்” என்றார் ஒருநாள். இலங்கை 2016இல் இந்த நோயை ஒழித்ததாக உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. இந்தியா 2015இல் ஒழிப்பதாகச் சொல்லி, தள்ளிப்போட்டு, இப்போது 2027 என்று குறித்திருக்கிறது.

நான் கற்றதில் பாதி இன்னும் சொல்லவில்லை. அது ரத்தத்தில் இல்லை.

நெடுங்காடு பக்கம் நடவு வேலைக்குப் போகும் ஓர் அம்மாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே தூண் மாதிரி இருந்தது. அவர் ரத்தத்தை நடுராத்திரியில் எடுத்தேன். ஸ்லைடில் ஒன்றுமில்லை. யானைக்கால் முற்றிய பெரும்பாலானவர்களுக்கு ரத்தத்தில் நுண்புழு இருக்காது. புழுக்கள் செத்திருக்கும், நிணநீர்க் குழாய் கெட்டது கெட்டதுதான். கணக்கெடுப்பில் அவர் ‘நெகட்டிவ்’. ஊரின் சதவீதம் குறைந்ததற்கு அவரும் ஒரு காரணம். வீட்டில் அவருக்கு வருஷத்தில் பல தடவை நெறி கட்டிக் குளிர்ஜுரம் வந்தது. ஒவ்வொரு தடவையும் நாலைந்து நாள் படுக்கை, கூலி இல்லை. ஒவ்வொரு தடவைக்கும் கால் இன்னும் கொஞ்சம் பெருத்தது.

“அமாவாசை, பௌர்ணமி வந்தா தவறாம வந்துரும் பாப்பா” என்றார். டெல்டாவில் பழைய ஆட்கள் பலரும் இதைச் சொல்வார்கள். சார் மறுத்துப் பேசவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, ஜுரம் வந்த தேதி, எந்த வேளையில் குளிர் எடுத்தது, முந்தின ரெண்டு நாள் என்ன வேலை என்று மகளை எழுதச் சொன்னார். மணியையும் எழுத வேண்டும். ஏனென்றால் உடம்புச் சூடு யாருக்குமே விடியற்காலையில் குறைவாகவும் சாயங்காலம் கூடுதலாகவும்தான் இருக்கும். காலையில் விட்டுவிட்டது என்று நினைத்து வயலுக்குப் போனால் சாயங்காலம் ஏறிவிடும். அடைமழைக் காலம் முடிந்து அந்த நோட்டைப் பார்த்தோம். ஜுரத் தேதிகள் நிலவோடு சேரவில்லை. சேற்றில் நின்ற நாட்களோடும் விரலிடுக்கில் புண் இருந்த வாரங்களோடும் சேர்ந்தன. அந்த ஜுரத்தைப் புழு கொண்டுவரவில்லை. விரலிடுக்கு வெடிப்பு வழியே நுழையும் பாக்டீரியாதான் கொண்டுவருகிறது. அந்த அம்மா தன் நோட்டைத் தானே பார்த்துப் புரிந்துகொண்டார். நாங்கள் வாயால் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

அன்றைக்கு சார் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் எடுத்துவரச் சொல்லி, தரையில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடிக்கு நேரே வைத்துக் கழுவினார். குளியல் சோப்பு, சாதாரணத் தண்ணீர். மேலிருந்து கீழாக, மடிப்புகளை விரித்து, ஒவ்வொரு விரலிடுக்கிலும் சுண்டுவிரலை விட்டு. துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தார். ஈரம் ஓர் இடுக்கிலும் தங்கக் கூடாது. வெடிப்பில் களிம்பு. பிறகு கணுக்காலை மேலும் கீழும் அசைக்கக் கற்றுக்கொடுத்தார். இரவில் கால்மாட்டுப் பக்கம் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். ஜுரம் வந்த நாளில் மட்டும் கால் பயிற்சி கூடாது; எண்ணெய் போட்டு உருவக் கூடாது, சூடு வைக்கக் கூடாது; ஈரத்துணி போட்டு, தண்ணீர் நிறையக் குடித்து, அன்றே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

அடுத்த வாரம் நான் கழுவினேன். லான்செட் பிடிக்கக் கற்றதைவிட இதைக் கற்கத்தான் எனக்கு அதிகம் வேண்டியிருந்தது. மடிப்புகளுக்குள் வாடை இருக்கும். அந்த அம்மா கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டே இருந்தார். வருஷக்கணக்காக அந்தக் காலை அவர் புருஷன்கூடத் தொட்டதில்லை என்றார். முகம் மாறாமல், அவசரப்படாமல், பேச்சுக் கொடுத்துக்கொண்டே கழுவ வேண்டும். கையில் அவசரம் தெரிந்தால் அவர் நாளைக்குத் தானாகச் செய்ய மாட்டார். அவர் தினமும் செய்தார். அடுத்த மழைக்கால நோட்டில் ஜுரம் வெகுவாகக் குறைந்திருந்தது. கால் பழைய அளவுக்குத் திரும்பாது என்பது அவருக்கும் தெரியும். நடவுக்குக் கூலிக்குப் போக முடிகிறது என்பதுதான் அவருக்கு முக்கியம்.

இப்போது புதுச்சேரியில் ஊர் முழுவதுக்குமான மாத்திரை நிறுத்தப்பட்டுவிட்டது. வேலை கண்காணிப்பாக மாறிவிட்டது. பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், ஒடிசாவில் நோய் இன்னும் இருக்கிறது. அங்கிருந்து வேலைக்கு வருகிறவர்களின் விரலில் இரவில் ஒரு சொட்டு பார்க்காமல் இங்கே கண்காணிப்பு முழுமையாகாது. அவர்களைக் குற்றவாளி மாதிரி நிறுத்தி எடுக்கும் போக்கை நான் சில இடங்களில் கண்டிருக்கிறேன், அது தவறு. பாசிட்டிவ் வந்தவருக்கு 12 நாள் மாத்திரை இலவசமாகக் கிடைக்க வேண்டும். முதல் ஓரிரு நாளில் வரும் தலைவலியும் காய்ச்சலும் பெரும்பாலும் புழு சாவதால்தான் என்று அவர் மொழியில் சொல்ல ஆள் வேண்டும். இதைத் தாண்டி அவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

கணக்கில் நோய் ஒழிந்த பிறகும், வீங்கிய கால்கள் இன்னும் முப்பது நாற்பது வருஷம் எங்கள் தெருக்களில் நடக்கும். அவர்களுக்கு ரத்தப் பரிசோதனையால் இனி பயனில்லை. சோப்பும் களிம்பும், மழைக்காலத்துக்கு முன் ஒருவர் வீட்டுக்கு வந்து விரலிடுக்கைப் பார்ப்பதும்தான் வேண்டும். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டும்; மாதம் ஒருநாள் அவர்களுக்கென்று ஒதுக்க வேண்டும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் இன்றைக்கே ஒரு தொட்டித் தண்ணீரும் சோப்பும் எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச்சும் ஸ்லைடுப் பெட்டியுமாக யாராவது உங்கள் கதவைத் தட்டினால், தயவுசெய்து திறந்து விரலைக் கொடுங்கள். அந்த ஒரு சொட்டைப் பகலில் எடுக்க முடியாது.